மராமத்துக்கு பணம் எங்கேர்ந்து வரணும்

கேள்வி இதுதான்: நம்ம நாட்டுல பாலம், அணை, ரயில் பாதை, குடிதண்ணி பைப் எல்லாம் வயசாகிட்டே போகுது, இத ரிப்பேர் பண்ற பணத்த வரி ஏத்தி எடுக்கறதா, கடன் வாங்கறதா, இல்ல தனியார்கிட்ட விட்டு டோல் வசூல் பண்ணச் சொல்றதா? வரி ஏத்துனா ஏழைங்க தலைலதான விடியும்னும் கேட்டிருக்கீங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல அரசாங்க ரோடு, பாலம் வேலைங்களோட எஸ்டிமேட், பில்லு, கணக்குன்னே இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல ஒரு அரசங்கன்னு கதைய சொல்லிடறேன். நான் வேலைல சேந்த புதுசுல எங்க எல்லைல ஒரு ஆத்துப் பாலம், செங்கல் வளைவு, ஏழு கண்ணு, வெள்ளக்காரன் காலத்து சுண்ணாம்புக் காரை வேலை. மூணாவது கண்ணுக்கு மேல கைப்பிடிச் சுவர் ஓரமா ஒரு அரசங்கன்னு முளைச்சிருந்துச்சு, நாலே நாலு இலை, வேரு என் சுண்டுவெரல் தண்டிதான் இருக்கும். அதுக்குப் பக்கத்துலயே மழத்தண்ணி வடியற ஓட்டை மண்ணும் பிளாஸ்டிக் கவருமா அடைச்சுக் கெடந்துச்சு, தண்ணி வடிய வழியில்லாம காரைக்குள்ளயே ஊறி, அந்தக் கன்னுக்கு நாமளே தண்ணி ஊத்தி வளத்த மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு ஆளு, ஒரு கடப்பாரை, அரை நாள் வேலை, வேர்ல மருந்து ஊத்தி ஓட்டைய குத்தி விட்டு சந்துல காரை பூசுனா முடிஞ்சது. எஸ்டிமேட் மேல போச்சு, பராமரிப்புத் தலைப்புல நிதி இல்லைன்னு திரும்பி வந்துச்சு. அடுத்த வருஷமும் போச்சு, அதே பதில். நான் மாறுதல்ல போயி பதிமூணு வருஷம் கழிச்சு அந்தப் பக்கம் வந்தப்ப அந்த வேரு என் தொடை தண்டி ஆகி வளைவுச் செங்கல பிளந்துகிட்டு கீழ தொங்கிக்கிட்டிருக்கு, கனரக வண்டி போகக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்க, பக்கத்துலயே புதுப் பாலத்துக்கு கோடிக்கணக்குல எஸ்டிமேட் ரெடி. அதுக்குப் பணம் அந்த வருஷமே சாங்ஷன் ஆயிடுச்சு.

சில நூறு ரூபாய்க்கு இல்லாத பணம் கோடிக்கு எப்படி வந்துச்சுன்னு நான் பல வருஷம் யோசிச்சிருக்கேன். அதிகாரிங்க கெட்டவங்கன்னு இதுக்குப் பதில் சொல்ல முடியாது, பலபேரு நல்லாவே வேலை பாத்தவங்க. கோளாறு கணக்கு எழுதற முறைல இருக்கு. அரசாங்கக் கணக்குல வருவாய் செலவு, மூலதனச் செலவுன்னு ரெண்டு இருக்கு. புதுசா பாலம் கட்டுனா மூலதனம். இருக்கற பாலத்த பராமரிச்சா வருவாய் செலவு, அதாவது சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம் எல்லாம் நிக்கற வரிசைல கடைசி ஆளா போய் நிக்கணும். சம்பளத்த நிறுத்த முடியாது, பென்ஷன்ல கை வெக்க முடியாது, வட்டி கட்டாம இருக்கவே முடியாது, பாலம் மட்டும் போராட்டம் பண்ணாது, அதனால வெட்டு அதுமேலதான் விழும். 2003ல மத்திய அரசு நிதிப் பொறுப்புச் சட்டம் கொண்டு வந்துச்சு, தமிழ்நாடும் அதே வருஷம் தனக்கு ஒண்ணு போட்டுச்சு, வருவாய் பற்றாக்குறைய, அதாவது வருமானத்த மிஞ்சற வருவாய் செலவ, கொறைக்கணும்னு. நோக்கம் நல்லதுதான், நான் கொறை சொல்லல, ஆனா அதோட விளைவு என்னன்னா ஓட்டைய குத்தி விட்டா இந்தப் பற்றாக்குறை ஏறும், குத்தாம விட்டு பாலத்த சாக விட்டு புதுசு கட்டுனா ஏறாது. இதுக்கு மேல 2020-21லேர்ந்து மத்திய அரசு மாநிலங்களுக்கு 50 வருஷ வட்டியில்லாக் கடன் குடுக்குது, 2024-25 பட்ஜெட்ல மட்டும் 1.5 லட்சம் கோடி ஒதுக்குனாங்க, அதுவும் மூலதன வேலைக்குத்தான். ஒரு மாநில நிதிச் செயலாளர் இடத்துல நீங்க இருந்தாலும் எந்தப் பக்கம் கையெழுத்து போடுவீங்க சொல்லுங்க.

அதனால பணம் எங்கேர்ந்து வரணும்ங்கற கேள்விக்கு முன்னாடி, வர்ற பணம் எங்க தங்கணும்னு கேக்கணும். வரி, கடன், டோல் எதுவா இருந்தாலும் அது பொதுக் குட்டைல விழுந்துச்சுன்னா மராமத்துக்கு வந்து சேராது. லாரி ஓட்டறவர் ஒருத்தர் வர்ற வாடகைல டயருக்குன்னு தனியா எடுத்து வெக்கலன்னா, டயர் வெடிக்கற அன்னிக்கு கந்துவட்டிக்குத்தான் ஓடணும். அந்த எடுத்து வெக்கற பழக்கத்துக்குப் பேருதான் தேய்மானம், நம்ம அரசாங்கக் கணக்குல அது கிட்டத்தட்ட எங்கயும் கெடையாது.

ஒரு எடத்துல இருந்துச்சு, அத நாம எப்படி விட்டோம்ங்கறத கொஞ்சம் விவரமா சொல்லணும். 1924ல ரயில்வே கணக்க பொதுக் கணக்குலேர்ந்து தனியா பிரிச்சப்ப தேய்மான நிதின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. தண்டவாளம், சிக்னல், பாலம், எஞ்சின் எல்லாத்துக்கும் இவ்வளவு வருஷம் ஆயுசுன்னு வெச்சு, வருஷா வருஷம் ஒரு தொகைய ஒதுக்கி, ஆயுசு முடிஞ்சத மாத்தறதுக்கு. அருமையான ஏற்பாடு. 2014-15ல அதுக்கு 7,775 கோடி ஒதுக்குனாங்க. 2017-18ல அது 1,540 கோடி ஆச்சு, 2018-19ல 300 கோடி, 2020-21ல 200 கோடி. ஒரு நாடு பூரா ஓடற ரயிலுக்கு தேய்மானம் 200 கோடி! சம்பளம், பென்ஷன் கட்டி முடிச்சதுக்கப்புறம் கைல மிஞ்சல, அதனால எழுதல, அவ்வளவுதான் விஷயம். தண்டவாளம் தேயறது கைல இருக்கற காசப் பாத்து நிக்குமா என்ன. 2017-18ல பாதுகாப்புக்குன்னு புதுசா ஒரு நிதி அறிவிச்சாங்க, 5 வருஷத்துல 1 லட்சம் கோடி, வருஷத்துக்கு பட்ஜெட்லேர்ந்து 15,000 கோடி, ரயில்வே தன் வருமானத்துலேர்ந்து 5,000 கோடி. தணிக்கைத் துறை 2022 அறிக்கைல பாத்தா ரயில்வே தன் பங்க முழுசா போட முடியல, போட்ட பணத்துலயும் ஒரு பகுதி கால் பிடிச்சு விடற மெஷின், பாத்திரம், ஜாக்கெட், பர்னிச்சர்னு போயிருக்கு. நிதிக்கு தனிப் பேரு வெச்சா மட்டும் போதாது, பூட்டும் வேணும், சாவி வேற ஆள்கிட்ட இருக்கணும்னு நான் சொல்றது இதனாலதான்.

ஒழுங்கா பாத்துக்கிட்டா என்ன ஆகும்ங்கறதுக்கும் அதே ரயில்வேல ஆதாரம் இருக்கு. பாம்பன் பாலம் 1914ல திறந்தது. இரும்ப தின்னுடற உப்புக் காத்துல நின்னுச்சு, 1964 புயல் கர்டர்கள அடிச்சுட்டுப் போனப்ப ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமைல 46 நாள்ல திரும்ப நிமித்துனாங்க, அதுக்கப்புறமும் துரு சொரண்டறது, பெயிண்ட் அடிக்கறது, தேஞ்ச துண்ட மாத்தறதுன்னு ஓயாம ஆள் வேலை பாத்தாங்க. 2022 டிசம்பர்லதான் ரயில் நிறுத்துனாங்க, புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல வந்துச்சு. நூத்தியெட்டு வருஷம்! இன்னொரு பக்கம் 1985ல கட்டுன பாலம், குஜராத்ல வதோதரா பக்கம் மாஹி ஆத்துமேல இருந்த கம்பீரா பாலம், 2025 ஜூலைல வண்டிங்களோட ஆத்துல விழுந்து இருபது பேருக்கு மேல செத்தாங்க. நாப்பது வருஷம்தான் அதுக்கு. வயசு மட்டுமே பாலத்த கொல்றதில்ல.

நம்ம முக்கொம்பையும் சொல்லணும். திருச்சி பக்கம் கொள்ளிடத்துல வெள்ளக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டன் 1836ல கட்டுன கதவணை, 2018 ஆகஸ்ட்ல வெள்ளம் போயிட்டிருக்கறப்பவே 45 மதகுல 9 மதகு அடிச்சுட்டுப் போயிடுச்சு. அதுக்குப் பதிலா கட்டுன புது கதவணைக்கு 387 கோடி. 182 வருஷம் உழைச்ச சொத்து அது, அத்தன வருஷமும் அதுனால வெளஞ்ச நெல்லுலேர்ந்து ஒரு சின்ன பங்கு அதுக்குன்னே ஒதுங்கியிருந்தா அந்த 387 கோடிய திடீர்னு தேட வேண்டியிருந்திருக்காது.

இது புது யோசனையும் இல்ல. ஏரிப்பட்டின்னு கல்வெட்டுல வரும், பாத்திருப்பீங்க. ஊர் ஏரி பராமரிப்புக்குன்னு ஒரு நிலத்த வரி நீக்கி எழுதி வெச்சிடுவாங்க, அந்த நிலத்து வருமானம் தூர் வாரவும் கரை போடவும்தான், வேற எதுக்கும் தொடக் கூடாது. உத்திரமேரூர்ல சோழ ராஜா பராந்தகன் காலத்துல ஏரி வாரியம்னே தனி வாரியம் இருந்துச்சு. ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, ஏரி வெட்டறதுக்கு ஒரு தடவ ராஜா பணம் குடுப்பாரு, மண்ணு சேந்துகிட்டே இருக்கும், அத வாரறதுக்கு வருஷா வருஷம் வர்ற வருமானம் வேணும்னு. பொதுப்பணித் துறைய எங்க தாத்தா காலத்து ஆளுங்க மராமத்து இலாகான்னுதான் சொல்வாங்க. பேர்லேர்ந்தே மராமத்து போயிடுச்சேன்னு எனக்கு நெஜமாவே வருத்தம் உண்டு.

சரி, பணம். என் கருத்துல வருஷாந்திர பராமரிப்புக்கு ஒரு ரூபா கூட கடன் வாங்கக் கூடாது, அது அந்தந்த வருஷம் உபயோகப்படுத்தறவங்க குடுக்கற பணத்துலேர்ந்து வரணும். ரோட்டுக்கு நாம ஏற்கனவே குடுத்துட்டுதான் இருக்கோம். மத்திய சாலை நிதிச் சட்டம் 2000ல வந்துச்சு, பெட்ரோல் டீசல் மேல செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்குன்னே வாங்கற கூடுதல் வரி. 2018 பட்ஜெட்ல அத சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ்னு மாத்தி லிட்டருக்கு 8 ரூபா ஆக்குனாங்க, நிதியோட பேரும் மாறி ரோடு தவிர இன்னும் பல துறைக்கு போற மாதிரி விரிஞ்சிடுச்சு. செஸ்ங்கறதால மத்திய வரிலேர்ந்து மாநிலங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கற பங்குல அது சேராது. கிராமத்து டீக்கடைக்காரர் தன் மொபெட்டுக்கு அடிக்கற பெட்ரோல்ல அந்த செஸ் இருக்கு, ஆனா அவர் ஓட்டற ரோடு மாவட்ட ரோடோ பஞ்சாயத்து ரோடோதான். அதுல ஒரு நிலையான பங்கு, சட்டத்துலயே எழுதி, இருக்கற ரோட்ட பராமரிக்க மட்டும்னு மாநிலத்துக்கும் உள்ளாட்சிக்கும் வரணும்னு நான் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கையும் இதுல இருக்கு. அமெரிக்காவுல இதே மாதிரி நெடுஞ்சாலை நிதி 1956லேர்ந்து இருக்கு, பெட்ரோல் வரில ஓடுது. ஆனா அந்த வரி கேலனுக்கு, அதாவது சுமார் 3.8 லிட்டருக்கு, 18.4 சென்ட்ன்னு 1993ல வெச்சது, வெலவாசியோட சேத்து ஏறாது, எந்தக் கட்சிக்கும் ஏத்த தைரியம் வரல, 2008லேர்ந்து பொதுப் பட்ஜெட்லேர்ந்து எடுத்து எடுத்து ஓட்டிக்கிட்டிருக்காங்க. அதுக்கு முந்தின வருஷம் 2007 ஆகஸ்ட்ல மினியாபொலிஸ்ல மிசிசிப்பி மேல இருந்த பாலம் சாயங்கால டிராபிக்ல விழுந்து 13 பேர் போனாங்க. அதுக்கு முக்கிய காரணம் மொதல்லயே மெலிசா டிசைன் பண்ணிட்ட இணைப்புத் தகடுதான், அத மறைக்கக் கூடாது, ஆனா 1990லேர்ந்தே அந்தப் பாலம் குறைபாடு உள்ளதுன்னு பட்டியல்ல இருந்துச்சு. அதனால செஸ்ஸ வெலவாசியோட கட்டணும். எலக்ட்ரிக் வண்டி பெருகப் பெருக பெட்ரோல் செஸ் கரையும், அதுக்கு வண்டி எடையும் ஓடுன கிலோமீட்டரும் பாத்து ஒரு கட்டணம் இப்பவே யோசிக்கணும்.

எடைன்னு ஏன் சொல்றேன்னா, ஏழைங்க தலைல விழுமான்னு கேட்டதுக்கு நேர் பதில் அங்கதான் இருக்கு. 1950கள் கடைசில அமெரிக்காவுல இல்லினாய்ல ரோடு போட்டு லாரிய விட்டு ஓட்டி ஓட்டி ஒரு பெரிய சோதனை பண்ணாங்க, அச்சுல விழற எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு வர்ற சேதம் சுமார் பதினாறு மடங்குன்னு தெரிஞ்சுது. மொபெட்டும் காரும் ரோட்ட தேய்க்கறது ஒண்ணுமே இல்லன்னு வெச்சுக்கலாம், ரோட்ட ஒடைக்கறது லோடு லாரி, அதுலயும் ஓவர்லோடு மணல் ஜல்லி வண்டி. 2018ல நம்ம நாட்டுல லாரிங்களுக்கு அனுமதிச்ச அச்சு எடைய 20லேர்ந்து 25 சதவீதம் வரைக்கும் ஏத்துனாங்க. லாரிக்காரங்களுக்கு அது லாபம்தான், ஆனா அந்தக் கூடுதல் சேதத்துக்கான பணத்த யாருகிட்டயும் வாங்கல, அது ரோட்டு மேலதான் ஏறுச்சு. எடைக்கு ஏத்த வரி போட்டா டீக்கடைக்காரர் இப்ப குடுக்கறத விட கொறச்சுதான் குடுப்பார்.

ஊருக்குள்ள தண்ணி, சாக்கடை, தெரு ரோடுக்கு சொத்து வரிதான் சரியான மூலம், ஏன்னா பைப் நல்லா இருந்தா ஏறறது அந்த வீட்டோட மதிப்பு. சென்னைல 1914லேர்ந்து ஓடற கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ் இருக்கு, நூறு வருஷம் தாண்டுன வார்ப்பிரும்பு பைப் இன்னும் மண்ணுக்கடியில இருக்கு, ஆனா சொத்து வரிய 1998க்கு அப்புறம் 2018ல ஏத்தப் பாத்து, எதிர்ப்பு வந்து நிறுத்தி வெச்சு, 2022லதான் நெஜமா ஏத்துனாங்க. இருபத்திநாலு வருஷம் ஏத்தாம விட்டுட்டு ஒரே நாள்ல சிலருக்கு 150 சதவீதம்னா ஜனங்க கோவப்படாம என்ன பண்ணுவாங்க. வருஷா வருஷம் கொஞ்சமா ஏறணும், இப்ப 6 சதவீதம்னு வெச்சிருக்கறது எனக்கு சரியாதான் படுது. சின்ன வீட்டுக்கு கொறச்சு, குடிசைக்கு இல்லவே இல்லன்னு வெச்சுக்கலாம், குடிக்கற தண்ணிக்கு மொதல் சில ஆயிரம் லிட்டர் எல்லாருக்கும் இலவசமா குடுக்கலாம்.

ஜனங்க குடுக்க மாட்டாங்கன்னு சொல்றவங்களுக்கு நான் எப்பவும் சென்னை பக்கத்து ஆலந்தூர சொல்வேன். 2000 வாக்குல அங்க பாதாள சாக்கடை போட நகராட்சி வீட்டுக்கு 5,000 ரூபா டெபாசிட் கேட்டுச்சு, குழி தோண்டறதுக்கு முன்னாடியே. அன்னிக்கு நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய காசு. குடியிருப்போர் சங்கம் சங்கமா போய் உக்காந்து பேசி, பணம் தனிக் கணக்குலதான் இருக்கும்னு காமிச்சு, ஆயிரக்கணக்கான குடும்பம் கட்டுனாங்க, மாசா மாசம் கட்டணமும் ஒத்துக்கிட்டாங்க. எங்க போகுதுன்னு தெரிஞ்சா கட்டுவாங்க. தெரியாத பணத்த கேட்டாதான் தகராறு.

கடன் எங்க சரின்னா, இத்தன வருஷம் பண்ணாம விட்ட பாக்கிய ஒரே மூச்சுல தீக்கறதுக்கு. அணை மறுசீரமைப்புத் திட்டம் நல்ல உதாரணம், உலக வங்கிக் கடன்ல 2012லேர்ந்து 2021 வரைக்கும் தமிழ்நாடு உட்பட 7 மாநிலத்துல 223 அணைல வேலை நடந்துச்சு, அடுத்த கட்டத்துக்கு 19 மாநிலத்துல 736 அணைக்கு 10,211 கோடின்னு 2020ல ஒப்புதல் குடுத்தாங்க. நாட்டுல அஞ்சாயிரத்துக்கு மேல பெரிய அணை இருக்கு, அதுல பெரும்பாலானது 25 வருஷம் தாண்டுனது, இத ஒரு வருஷ வரில பண்ண முடியாது, பண்ணா இன்னும் அம்பது வருஷம் உழைக்கும், அதனால அத அனுபவிக்கப்போற அடுத்த தலைமுறைப் புள்ளைங்களும் வட்டில பங்கு குடுக்கறது ஞாயம்தான். ஆனா கடன்ல சரி பண்ண அணைக்கு அடுத்த வருஷம் கிரீஸ் வெக்க காசு இல்லன்னா இருபது வருஷத்துல திரும்ப அதே கடன், அப்ப முந்தின கடனும் முடிஞ்சிருக்காது.

தனியார் பத்தி சுருக்கமா. ஓடற தேசிய நெடுஞ்சாலைய 20, 30 வருஷத்துக்கு டோல் உரிமையோட குடுத்து முன்பணம் வாங்கறாங்க, 2018ல மொத தொகுப்புக்கே 9,681 கோடி வந்துச்சு, அந்தக் காலம் பூரா பராமரிக்கறது அவங்க பொறுப்பு. வண்டி நெறைய போற ரோட்டுக்கு இது ஓடும். கிராமத்து ரோடு, ஆத்துப் பாலம், மதகு எதுக்கும் ஓடாது, ஏன்னா அங்க டோல் இல்ல. வந்த முன்பணமும் புது ரோடு போடத்தான் பெருசா போகுது, பழைய சொத்த வாடகைக்கு விட்ட காசு பழைய சொத்துக்கு வரல. எங்க குடுத்தாலும் சோதனை பண்ற பொறுப்பு அரசாங்கத்த விட்டுப் போகக் கூடாது. 2022 அக்டோபர்ல குஜராத் மோர்பில தொங்கு பாலம் அறுந்து 135 பேர் செத்தாங்களே, அது ஒரு தனியார்கிட்ட பராமரிப்புக்கு விட்டிருந்தது, பழுதுபாத்து திறந்து ஒரு வாரம் கூட ஆகல. அப்புறம் நடந்த விசாரணைல மெயின் கேபிள்ல இருந்த 49 கம்பில 22 கம்பி முன்னாடியே துருப்பிடிச்சுப் போயிருந்துச்சுன்னு சொன்னாங்க. அந்தக் கேபிளை ஒரு இன்ஜினியர் சொரண்டிப் பாத்திருந்தா போதும்.

நடைமுறைல நான் கேக்கறது ரெண்டே மாத்தம். புதுசா எத சாங்ஷன் பண்ணாலும் அதோட ஆயுசு முழுக்க பராமரிக்க வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு அதே ஆர்டர்ல எழுதி, அந்தத் தொகை வட்டி மாதிரி கட்டாயச் செலவா பட்ஜெட்ல ஏறணும், சட்டசபை நெனச்சாலும் அந்த வருஷம் கொறைக்க முடியாதபடி. ரெண்டாவது, மத்திய வரிப் பணத்த மாநிலங்களுக்கு எப்படிப் பிரிக்கணும்னு சொல்ற நிதிக் குழு மூலமா பராமரிப்புக்குன்னே மானியம் திரும்ப வரணும். இது முன்னாடி இருந்ததுதான், 12வது நிதிக் குழு ரோடு பாலம் பராமரிப்புக்கு 15,000 கோடி குடுத்துச்சு, 13வது 19,930 கோடி குடுத்துச்சு, மாநிலம் வழக்கமா செலவு பண்றதுக்கு மேல இது இருக்கணும்னு நிபந்தனையோட. 14வது குழு மத்திய வரில மாநிலங்களோட பொதுப் பங்க 42 சதவீதமா ஏத்திட்டு இந்தத் துறைவாரி மானியத்த நிறுத்திடுச்சு. மாநிலத்துக்கு சுதந்திரம் கெடச்சது நல்லதுதான், ஆனா ஓட்டை குத்தி விடற காசு போயிடுச்சு.

ஆளையும் மறக்காதீங்க. தமிழ்நாட்டுல 1997ல எடுத்த சுமார் பத்தாயிரம் சாலைப் பணியாளர்கள 2002ல வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, 2006லதான் திரும்ப எடுத்தாங்க, 41 மாசம். ரோட்டோர வாய்க்கால வெட்டி விடறது, சின்னப் பள்ளத்த அன்னிக்கே மூடறது, பாலத்துச் செடிய புடுங்கறது எல்லாம் அவங்கதான் பண்ணிக்கிட்டிருந்தாங்க. சம்பளச் செலவு மிச்சம்னு கணக்குல வந்துச்சு, அந்த 41 மாசத்துல ரோடு என்ன ஆச்சுங்கறத எந்தக் கணக்கும் எழுதல, நான் கண்ணால பாத்தேன்.

உங்க ஊர்ல இருந்தே ஆரம்பிக்கணும்னா, மழைக்கு முன்னாடி ஒரு நாள் உங்க பாலத்து அடியில எறங்கிப் பாருங்க. தண்ணி வடியற ஓட்டை தெறந்திருக்கா, இணைப்புல ரப்பர் பிஞ்சிருக்கா, கம்பி வெளிய தெரியுதா, செடி முளைச்சிருக்கான்னு போட்டோ எடுத்துக்கங்க. அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபா கட்டி மூணு கேள்வி கேளுங்க: கடைசியா எப்ப இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாங்க, போன அஞ்சு வருஷத்துல இந்தப் பாலத்துப் பராமரிப்புக்கு எவ்வளவு எஸ்டிமேட் போச்சு, அதுல எவ்வளவு சாங்ஷன் ஆச்சு. 30 நாளுக்குள்ள பதில் வரணும். வந்ததும் அந்தக் காகிதத்த கிராம சபைல எல்லார் முன்னாடியும் படிங்க.